ஐந்து ஸ்டார் பையனின் முதல் காலேஜ் சீசன்: புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து இறங்கியவர்களுக்கு நவம்பர் வாக்கில் ஒரு குழப்பம் வரும். லேபில் பக்கத்து மேஜைக்காரர், முடி வெட்டுபவர், பஸ் ஓட்டுபவர் என்று எல்லோரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாரப்பா அது என்று விசாரித்தால், போன மே மாதம் ஹை ஸ்கூல் முடித்த பையன். காலேஜுக்காக இன்னும் ஒரு கூடைப்பந்து மேட்ச்கூட ஆடியிருக்க மாட்டான். அதற்குள் "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்பார்கள்.

நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். பள்ளியில் சிமெண்டுத் தரையில், வலை இல்லாத வளையத்தில் கூடைப்பந்து ஆடியவன். ஆட்டம் தெரியும் என்ற தைரியத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தேன். பாதி ஆட்டம் போவதற்குள் ஒரு விஷயம் உறைத்தது: எனக்குப் பந்தைப் பார்க்கத்தான் தெரிந்திருந்தது, ஆட்டக்காரனைப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பையன் 15 பாயிண்ட் எடுத்தான், நான் கை தட்டினேன். பக்கத்தில் இருந்த ரூம்மேட் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே, "இவனைக் குறிவைத்துத்தான் அடிக்கிறார்கள், கவனித்தாயா?" என்றான். நான் கவனிக்கவில்லை.

அதைக் கவனிக்கப் பழகுவதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குக் கூப்பர் ஃபிளாக்கை எடுத்துக்கொள்கிறேன். மெய்ன் மாநிலத்து நியூபோர்ட் என்ற சின்ன ஊர்க்காரர். 2024இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், 2025இல் போய்விட்டார். ஹை ஸ்கூலில் தொடங்கி, சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீக்கான என்பிஏ வரை ஒரு முழுச் சுற்று முடிந்திருப்பதால் பாடம் படிக்க வசதி.

முதல் வேலை: ஸ்டாரைப் படிக்கப் பழகுங்கள்

ஹை ஸ்கூல் ஆட்டக்காரர்களுக்குத் தரம் பார்த்து ஐந்து வரை ஸ்டார் போடுவது அரசாங்கமும் இல்லை, காலேஜும் இல்லை. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் போன்ற தளங்கள் தனித்தனியாகப் போடுகின்றன. ஒருவரிடம் ஐந்து வாங்கியவன் இன்னொருவரிடம் நான்கு வாங்கியிருப்பான். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட கூட்டுப் பட்டியலைப் பாருங்கள். நாடு முழுக்க ஹை ஸ்கூலில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். ஐந்து ஸ்டார் வாங்குபவர்கள் வருஷத்துக்கு இருபது முப்பது பேர்தான்.

இந்த மதிப்பெண் பெரும்பாலும் பள்ளி மேட்சில் கிடைப்பதில்லை. கோடை விடுமுறையில் ஷூ கம்பெனிகள் நடத்தும் கிளப் போட்டிகளில்தான் கிடைக்கிறது. நைக்கி நடத்தும் ஈஒய்பிஎல் தொடரின் கடைசிக் கட்டமான பீச் ஜாம், தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் ஜூலை மாதம் நடக்கும். கோர்ட்டைச் சுற்றி மடக்கு நாற்காலியில் வரிசையாகக் காலேஜ் கோச்சுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஃபிளாக்கும் அங்கே மெய்ன் யுனைட்டெட் என்ற கிளப்புக்காக ஆடித்தான் நாடறிந்தவர் ஆனார்.

ஸ்டார் என்பது பையன் இன்று எப்படி ஆடுகிறான் என்பதற்கான மார்க் இல்லை. நாளைக்கு என்பிஏவில் எப்படி ஆடுவான் என்ற ஊகம் அதில் நிறையக் கலந்திருக்கிறது. உயரம், கை நீளம், குதிக்கும் திறன் எல்லாம் சேர்ந்துதான் ஸ்டார். ஸ்டார் இல்லாமலே உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. ஜா மொரான்ட்டைப் பெரிய காலேஜ்கள் கண்டுகொள்ளவே இல்லை. மர்ரே ஸ்டேட் என்ற சின்ன இடத்துக்குப் போய் ஆடினார், என்பிஏ அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2019இல் இரண்டாவது ஆளாகத் தேர்வானார்.

ஸ்டாரோடு வயதையும் பார்த்துவிடுங்கள். நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட விஷயம் இது. ஃபிளாக் 2006 டிசம்பர் 21இல் பிறந்தவர். 2025இல் பள்ளி முடிக்க வேண்டியவர், பாடங்களை முன்கூட்டியே முடித்து ஒரு வருஷம் முன்னால் நகர்ந்துகொண்டார். அதனால் காலேஜ் சீசன் தொடங்கியபோது அவருக்கு வயது 17. எதிரில் நிற்பவர்களுக்கோ 22, 23.

இரண்டாவது: சேர்க்கைச் செய்தியில் எது உறுதி, எது இல்லை

எந்தக் காலேஜ் என்று அறிவிக்க, பையன் மேஜையில் நான்கைந்து காலேஜ் தொப்பிகளை வைத்து, ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டுவான், வீட்டார் கத்துவார்கள். அந்த வீடியோ எல்லோருக்கும் வரும். அது வாய்வார்த்தை மட்டும்தான். நம்மூர்ப் பாஷையில் சொன்னால் பூ வைத்தாயிற்று, தாலி இன்னும் ஏறவில்லை. கையெழுத்துப் போடும் காலம் நவம்பரில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. முன்பு இதற்கென்றே ஒரு தேசியக் கடிதம் இருந்தது. 2024 அக்டோபரில் அதை ஒழித்துவிட்டு, உதவித்தொகை ஒப்பந்தமே போதும் என்று மாற்றிவிட்டார்கள். ஃபிளாக் டியூக்குக்குச் சரி சொன்னது 2023 அக்டோபர் 30. அப்போது அவர் ஃபுளோரிடாவில் மான்ட்வெர்ட் அகாடமியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளி அந்த சீசனில் 33 ஆட்டம் ஆடி 33இலும் ஜெயித்தது.

படிப்பிலும் தேற வேண்டும். காலேஜ் விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1இல் முதல் வருஷமே ஆட, ஹை ஸ்கூலில் 16 முக்கியப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவற்றில் 4க்குச் சராசரி 2.3 எடுத்திருக்க வேண்டும். அந்த 16இல் 10 பாடங்களைக் கடைசி வருஷம் தொடங்கும் முன்பே முடித்தாக வேண்டும் என்றும் விதி. பையன் பயிற்சி செய்கிறான், ஆனால் மேட்சில் காணோம் என்றால், காயத்தோடு இந்தக் காரணத்தையும் யோசியுங்கள்.

அப்புறம் பணம். 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். 2025 ஜூனில் ஒரு வழக்கில் சமரசம் ஏற்பட்டு, காலேஜே நேரடியாகப் பணம் தரலாம் என்றும் ஆகிவிட்டது. 2025-26இல் ஒரு காலேஜ் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தரலாம். இதில் நமக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு சங்கடம் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஸ்டூடண்ட் விசாவில் வந்த ஆட்டக்காரருக்கும் நம்மைக் கட்டிப்போடும் அதே வேலைக் கட்டுப்பாடுதான். உள்ளூர்ப் பையன் ஷூ விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருப்பான். ஏழடி உயரத்தில் அவன் பக்கத்தில் நிற்பவர் வக்கீலைக் கேட்காமல் ஒரு போஸ்டருக்குக்கூட நிற்க முடியாது.

மூன்றாவது: ஆட்டம் எங்கே மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹை ஸ்கூலில் பொதுவாக எட்டு நிமிஷக் கால்பகுதிகள் நான்கு, மொத்தம் 32 நிமிஷம். ஆண்கள் காலேஜ் ஆட்டத்தில் 20 நிமிஷமாக இரண்டு பாதி. பந்து அதேதான், வளையம் அதே பத்தடி உயரம்தான், ஐந்து ஃபவுலில் வெளியே என்பதும் அதேதான். மூன்று பாயிண்ட் கோடு மட்டும் 19 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குப் போய்விடுகிறது. இரண்டடிக்கு மேல் வித்தியாசம். பள்ளியில் நூலாக விழுந்த ஷாட் இங்கே வளையத்தின் முன் விளிம்பில் இடிக்க ஆரம்பித்தால் கோட்டைச் சந்தேகப்படுங்கள், அதன் பிறகு அவன் கால்களை. களைத்த காலோடு எறிந்தால் பந்து குறைந்துதான் விழும்.

காலேஜில் ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்த அணி ஷாட் எறிய வேண்டிய நேரம், 30 விநாடி. பள்ளியில் பல மாநிலங்களில் அப்படி ஒன்று கிடையாது, வைத்திருக்கும் இடங்களில் 35 விநாடி. இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பள்ளியில் அணியிலேயே பெரிய ஆளாக இருந்தவன் பந்தை வாங்கி, நிதானமாகத் தட்டி, எதிராளியை அளந்து, அதன் பிறகு போவான். இங்கே அவன் அளந்து முடிப்பதற்குள் இரண்டாவது ஆள் உதவிக்கு வந்து நிற்பான். பள்ளியில் ஒருவனைத் தாண்டினால் வளையம் தெரியும், காலேஜில் ஒருவனைத் தாண்டினால் இன்னொருவனின் மார்பு தெரியும்.

அந்த மார்பும் லேசுப்பட்டதில்லை. நான்கைந்து வருஷம் ஜிம்மில் ஊறிய உடம்பு அது. இப்போது காலேஜ் விட்டுக் காலேஜ் மாறுவதும் சுலபமாகிவிட்டதால், மூன்று அணி பார்த்த அனுபவசாலிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். திறமையில் அவர்கள் இந்தப் பையனுக்குக் கீழேதான். ஆனால் முழங்கையை எங்கே வைக்க வேண்டும், அம்பயர் எப்போது பார்க்க மாட்டார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நான்காவது: பந்தை விடுங்கள், பையனைப் பாருங்கள்

மொத்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முதல் பாதியில் ஐந்து நிமிஷம் ஒதுக்குங்கள். அந்த ஐந்து நிமிஷமும் பந்து எங்கே போனாலும் போகட்டும், உங்கள் கண் அந்த ஒரு பையன் மேலேயே இருக்கட்டும். டிவியில் கேமரா பந்தோடு போய்விடும் என்பதால் இதற்கு நேரில் போவதுதான் உத்தமம். மேல் வரிசை மலிவு டிக்கெட் போதும். உண்மையில் இந்த வேலைக்கு மேல் வரிசைதான் நல்லது.

முதலில் எதிரணி கையில் பந்து இருக்கும்போது பாருங்கள். பந்து கோர்ட்டின் மறு ஓரத்தில் இருக்கிறது. நம் பையன் எங்கே நிற்கிறான்? பள்ளிப் பழக்கம் விடாதவன் தன் ஆளை ஒட்டி நின்றுகொண்டு, பந்தை வேடிக்கை பார்ப்பான். அவன் முகம் பந்து பக்கம் திரும்பிய அந்த ஒரு நொடியில், அவன் முதுகுக்குப் பின்னால் எதிராளி வளையத்துக்கு ஓடிவிடுவான். பாஸ் வரும், லேஅப் விழும், பையன் கையை விரித்துக்கொண்டு மற்றவர்களைப் பார்ப்பான். தேறியவன் இரண்டடி உள்ளே தள்ளி, பந்தும் தன் ஆளும் ஒரே பார்வையில் விழும்படி உடம்பைச் சாய்த்து நிற்பான். ஒரு கை பந்தைக் காட்டும், ஒரு கை ஆளைக் காட்டும். வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். காலேஜ் கோச்சுகள் முதல் வருஷப் பையன்களைப் பற்றிச் சொல்லும் பெரிய குறையே அவர்கள் பேசுவதில்லை என்பதுதான்.

அடுத்து, அவன் ஷாட் தவறிய உடனே பாருங்கள். திரும்பி ஓடுகிறானா, இல்லை ஃபவுல் கேட்டு அம்பயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானா? அப்புறம் ஸ்க்ரீன். எதிரணிக்காரன் குறுக்கே வந்து சுவர் மாதிரி நிற்கும்போது இவன் அதில் மோதி நின்றுவிடுகிறானா, தோளைக் குறுக்கி வழுக்கிப் போகிறானா? என் ரூம்மேட் அன்று சொன்னது இதைத்தான். எதிரணி கோச் சும்மா இருக்க மாட்டார். புதுப் பையன் யாரைக் காக்கிறானோ, அந்த ஆளையே ஆட்டத்துக்குள் இழுத்து இழுத்து விடுவார். நம்மூர்க் கபடியில் சோர்ந்த மூலைக்காரன் பக்கமே ரெய்டர் திரும்பத் திரும்பப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்கு.

கடைசியாக, ஆட்டம் நிற்கும்போது கைகள் எங்கே என்று பாருங்கள். குனிந்து நிஜார் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். அடுத்த இரண்டு நிமிஷத்தில் ஒரு அவசரத் தவறு வரும், நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஃபிளாக்கையே இதில் பொருத்திப் பாருங்கள். 2024 நவம்பர் 12, அட்லாண்டா, எதிரணி கென்டக்கி. 26 பாயிண்ட் எடுத்தார், அரங்கமே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி நிமிஷத்தில் ஸ்கோர் சமம். பந்தை அவர் கையில் கொடுத்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வளையத்தை நோக்கிப் போய் உடம்பைச் சுழற்றினார். பள்ளியில் எத்தனையோ முறை பலித்த வித்தை. ஆனால் சுழலும்போது முதுகுப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஓடேகா ஓவே பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த முயற்சியிலும் பந்து கை நழுவியது. கென்டக்கி 77-72. மறுநாள் ஊரெல்லாம் "பையன் பயந்துவிட்டான்" என்றது. பயமெல்லாம் இல்லை. உதவிக்கு வரும் இரண்டாவது ஆளை அவர் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரி 11, நோட்ர் டாமுக்கு எதிராக 42 பாயிண்ட். டியூக் ஆடும் ஏசிசி லீக்கில் அதுவரை முதல் வருஷ ஆட்டக்காரர் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. எல்லோரும் 42ஐப் பேசினார்கள். நான் பார்த்தது இன்னொரு எண்: எதிராளி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ, 17க்கு 16. இரண்டாவது ஆள் வருவான் என்று தெரிந்தே போயிருக்கிறார். அந்த மோதலை வாங்கிக்கொண்டு கோட்டில் போய் நின்றிருக்கிறார். ஜனவரியில் ஃபவுல் வாங்கக் கற்றுக்கொண்டவரை நவம்பரில் திட்டியவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

ஐந்தாவது: ஸ்கோர் அட்டையைக் கீழிருந்து படியுங்கள்

பாயிண்ட் கடைசியில். முதலில் எத்தனை நிமிஷம் ஆடினான் என்று பாருங்கள், கோச்சின் நம்பிக்கை அதில்தான் தெரியும். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் ஆனதும் பல கோச்சுகள் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். பிறகு அசிஸ்டையும் (இன்னொருவன் கூடை போடக் கொடுத்த பாஸ்) டர்ன்ஓவரையும் (எதிரணியிடம் பறிகொடுத்த பந்து) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டர்ன்ஓவர் மாதத்துக்கு மாதம் குறைந்தால் பையன் தேறிக்கொண்டிருக்கிறான்.

பாயிண்டை நம்பக் கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி 2012 இறுதி ஆட்டம். கென்டக்கியின் ஆந்தனி டேவிஸ், முதல் வருஷ மாணவர், 10 ஷாட் எறிந்து ஒன்றைத்தான் போட்டார். மொத்தம் 6 பாயிண்ட். கூடவே 16 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 6 பிளாக் (எதிராளி ஷாட்டைத் தடுப்பது), 5 அசிஸ்ட், 3 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது). கென்டக்கி கேன்சஸை 67-59 என்று ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரர் பரிசு அந்த 6 பாயிண்ட்காரருக்குத்தான். டியூக்கின் டெரெக் லைவ்லியும் இதே ரகம். 2022இல் நாட்டின் உச்ச ஸ்டார்களில் ஒருவராக வந்து, ஆட்டத்துக்கு ஐந்து பாயிண்ட் சொச்சம்தான் எடுத்தார். ஏமாற்றம் என்றார்கள். அடுத்த வருஷமே டல்லாஸ் அணிக்காக என்பிஏ இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது: எப்போது பார்ப்பது, எங்கே பார்ப்பது

நவம்பரில் தொடக்கம். சின்ன காலேஜ்களோடு நடக்கும் முதல் ஆட்டங்களில் 30 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிப்பார்கள். அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நடுவே வரும் பெரிய அணி மேட்ச்சைத் தேடிப் பிடியுங்கள். ஜனவரியிலிருந்து லீக் ஆட்டங்கள். ஒரே எதிரணியை இரண்டு முறை சந்திக்க நேர்ந்தால் இரண்டையும் பாருங்கள். முதல் முறை பிடிபட்ட குறையை இரண்டாம் முறை திருத்தியிருக்கிறானா என்று தெரியும். பிப்ரவரியில் முதல் வருஷக்காரர்கள் பலர் சோர்ந்து போவார்கள். அதற்கென்றே ‘ஃப்ரெஷ்மேன் வால்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மாதம் ஷாட் விழவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

மார்ச்சில் நாடு தழுவிய கோப்பைப் போட்டி, தோற்றால் வீட்டுக்கு. 2025இல் 68 அணி. ஃபிளாக்குக்கு மார்ச் நடுவில் இடது கணுக்கால் பிசகியது. இரண்டு ஆட்டம் விட்டுத் திரும்பி வந்து அணியைக் கடைசி நான்கு வரை கொண்டுபோனார். 2025 ஏப்ரல் 5, சான் அன்டோனியோ, ஹூஸ்டனுக்கு எதிராக டியூக் 14 பாயிண்ட் முன்னால் இருந்தது. அந்த முன்னிலை கரைந்து, ஒரு பாயிண்ட் பின்தங்கிய நிலையில் கடைசி ஷாட் ஃபிளாக் கையிலிருந்து போனது. ஹூஸ்டனிலேயே பல வருஷம் ஆடிப் பழுத்த ஜே’வான் ராபர்ட்ஸ் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். பந்து விளிம்பில் பட்டுத் தெறித்தது. கடைசியில் ஹூஸ்டன் 70-67 என்று ஜெயித்தது. அந்த ஷாட் நல்ல ஷாட்தான் என்று நான் இன்றும் வாதாடுவேன்.

டிக்கெட் விஷயம்: மாணவராக இருந்தால் முதலில் உங்கள் மாணவர் சங்கத்தைக் கேளுங்கள். டியூக்கில் மேற்படிப்பு மாணவர்கள் சீசன் டிக்கெட் வாங்க செப்டம்பரில் ஒரு வாரக்கடைசி முழுக்கக் கூடாரம் போட்டுக் கிடப்பார்கள். நேரங்கெட்ட நேரத்தில் ஆஜர் எடுப்பார்கள், தாக்குப்பிடித்தவர்கள் பெயர்தான் குலுக்கலுக்குப் போகும். கேமரன் அரங்கில் மொத்தமே 9,314 இடம் என்றால் வேறென்ன செய்வது? அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் சீசனுக்கு முந்தைய அக்டோபர் பயிற்சி ஆட்டங்களுக்குப் போகலாம். கூட்டம் குறைவு, கண்ணை ஓட்டவும் வசதி.

கடைசி வேலை: ஏப்ரலுக்குப் பிறகு

என்பிஏ விதிப்படி அமெரிக்கப் பையன் டிராஃப்ட்டுக்கு வர, அந்த ஆண்டுக்குள் 19 வயது நிரம்ப வேண்டும், ஹை ஸ்கூல் முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். 2006 டிராஃப்ட்டிலிருந்து இதுதான் நடைமுறை. அதனால்தான் லெப்ரான் ஜேம்ஸ் 2003இல் போன மாதிரி பள்ளியிலிருந்து நேரே யாரும் போவதில்லை. ஒரு வருஷம் காலேஜில் ஆடிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நன்றாக ஆடியவன் டிராஃப்ட்டுக்குப் போவான், சுமாராக ஆடியவன் வேறு காலேஜுக்கு மாறுவான், கொஞ்சம் பேர் அங்கேயே இருப்பார்கள். மூன்றில் எது என்று ஏப்ரல், மே மாதங்களில் தெரிந்துவிடும்.

2025 ஜூன் 25இல் ஃபிளாக்கை முதல் ஆளாக டல்லாஸ் எடுத்தது. அவரோடு சேர்ந்த டியூக் முதல் வருஷக்காரர்களில் கான் கினிப்பல் நான்காவது, தென் சூடான்காரரான காமன் மலுவாச் பத்தாவது. ஒரே இரவில் மூன்று பேர் காலி.

ஆகவே ஜெர்சி வாங்குவதாக இருந்தால் நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். நான் ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கட்டும், தள்ளுபடி வரும் என்று காத்திருந்து ஜூலையில் ஃபிளாக்கின் டியூக் ஜெர்சியை, நீல நிற 2ஆம் எண்ணை, வாங்கினேன். அதற்குள் அவர் டல்லாஸில் 32 போட்டுக்கொண்டு நின்றார்.